ஏரியில் மிகுந்ததும் வயலில் குறைந்ததும்

அல்சூர் என்று தமிழர் சொல்லும் பெயரைக் கன்னடத்தார் ஹலசூரு என்று உச்சரிப்பார்கள். ஹலசு என்றால் அம்மொழியில் பலா. ஒரு காலத்தில் இந்தப் பிரதேசத்தில் பலாத் தோப்புகள் அடர்ந்திருந்தன என்றும், ஊரின் பெயர் அதிலிருந்தே பிறந்தது என்றும் பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். இன்று சோமேசுவரர் கோயில் கோபுரத்தின் அடியிலோ கடைத்தெருவின் நெரிசலிலோ நின்று எத்தனை தூரம் கண்ணை ஓட்டினாலும் தோப்பு எதுவும் தென்படாது; கோடை பிறந்ததும் தள்ளுவண்டிகளில் வந்து இறங்கும் பலாச்சுளைகளின் வாசனை ஒன்றுதான் அந்தப் பழம்பெயருக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது. தோப்புப் போய்விட்டது, ஏரி மட்டும் இருக்கிறது.

கெம்பே கௌடர் வமிசத்தார் காலத்தது என்று கருதப்படும் அந்த ஏரி ஏறக்குறைய 125 ஏக்கர் பரப்புள்ளது. ஒரு கரையில் மதராஸ் சாப்பர்ஸ் படையினரின் முகாம். மற்றொரு புறம் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம். 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் திறந்து வைக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையும் அதன் அண்டையில்தான் நிற்கிறது. காலை வேளையில் கரையோரமாக உலாவப் போகிறவர்கள், தண்ணீரின் மேல் பாசி படர்ந்து கிடப்பதைப் பார்த்து, "தண்ணீர் கெட்டுவிட்டது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அப்பால் நடப்பது வழக்கம். 2016-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்த ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. இத்தகைய காட்சியைக் காண்கிறவர்க்கு யாரோ விஷத்தைக் கலந்துவிட்டார்கள் என்ற எண்ணமே முதலில் தோன்றும். ஆனால் நகரத்து ஏரிகளை இப்படி மடிய வைப்பது பெரும்பாலும் உரம்.

வயலில் இட்டால் பயிரை ஊட்டி வளர்க்கும் அதே தழைச்சத்தாகிய நைட்ரஜனும் மணிச்சத்தாகிய பாஸ்பரஸுமே ஏரியில் அளவு கடந்து சேர்ந்தால் மீனைக் கொல்லுகின்றன. கோலார்ச் சீமையிலும் தர்மபுரிச் சீமையிலும் உழவன் கடன்பட்டு வாங்கியும் போதாமல் தவிக்கிற பதார்த்தம், அல்சூர் ஏரியில் வேண்டுவாரின்றிக் குவிந்து கிடக்கிறது. அங்கே உள்ள குறைவையும் இங்கே உள்ள மிகுதியையும் தனித்தனி வியாதிகளாக எண்ணித் தனித்தனி வைத்தியம் தேடுகிறோம். இரண்டும் ஒரே வியாதியின் குறிகள் என்பது, மண்ணும் சத்தும் செடியும் ஒன்றோடொன்று எவ்வாறு சம்பந்தப்பட்டிருக்கின்றன என்பதைச் சற்று நிதானமாக ஆராய்ந்தால் விளங்கும்.

லால்பாக் தோட்டத்திற்குள் குன்றாக எழுந்து நிற்கும் பாறையைப் பார்த்திராத பெங்களூர்வாசி இருக்கமாட்டார். ஏறக்குறைய 300 கோடி ஆண்டு வயதுள்ள அந்தப் பாறைதான் இவ்வட்டாரத்துச் செம்மண்ணுக்குத் தாய். வெயிலும் மழையும் யுகயுகமாக அதைப் பொடித்துக் கரைத்தபோது, எளிதில் கரையும் சத்துக்கள் பெரும்பாலும் நீரோடு போய்விட, கரையாத இரும்பு துருவேறி மண்ணுக்குச் சிவப்பு நிறத்தைக் கொடுத்து நின்றுவிட்டது. கண்ணுக்கு அழகான அந்தச் சிவப்பு, உழவனுக்கு அவ்வளவு சந்தோஷம் தரக்கூடியதன்று. களிமண் துகள்களின் மேல் எதிர்மின்னூட்டம் உண்டு. சுண்ணாம்பு, மக்னீசியம், சாம்பல் சத்தாகிய பொட்டாசியம் முதலிய நேர்மின்னூட்டமுள்ள சத்துக்களை அவை இழுத்துப் பிடித்து வைத்திருந்து, வேர் கேட்கும்போது விட்டுக்கொடுக்கின்றன. கரிசல் மண்ணின் களி இவ்வகையில் பெரிய களஞ்சியம். செம்மண்ணின் களியோ சிறிய குதிர். ஆகையால் இங்கே சத்தைப் பிடித்து வைக்கும் வேலையில் பெரும்பங்கு, இலையும் தழையும் சாணமும் மக்கி உண்டாகும் கறுத்த மக்குப் பொருளையே சார்ந்திருக்கிறது. செம்மண்ணிலிருந்து மக்கை எடுத்துவிட்டால் எஞ்சுவது சிவந்த மணல் என்றே சொல்லிவிடலாம்.

இனி, செடிக்கு வேண்டியது என்ன? ஒரு செடியைப் பிடுங்கி நன்றாக உலர்த்தி நிறுத்துப் பார்த்தால், அந்த எடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வந்த கரியும் பிராணவாயுவும் ஹைட்ரஜனுமே. மண் கொடுப்பது மிகச் சிறிய பங்கு. ஆனால் அந்தச் சிறிய பங்கு இல்லாமல் பெரிய பங்கு சேராது. இன்றியமையாத மூலகங்கள் 17 என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றுள் எது மிகக் குறைவாக உள்ளதோ அதுவே விளைச்சலின் எல்லையை நிர்ணயிக்கும். ஸ்பிரெங்கல் என்ற ஜெர்மானியர் கண்டு, லீபிக் என்ற மற்றொரு ஜெர்மானியர் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் பிரசித்தமாக்கிய இவ்விதியை நம் வீட்டுச் சமையலறையிலேயே காணலாம். அரிசி மூட்டை மூட்டையாக இருந்தும் உளுந்து ஒரு படிதான் இருக்கிறதென்றால், அந்த ஒரு படிக்குத் தக்க இட்லிதான் வேகும். மேலும் ஒரு மூட்டை அரிசி வாங்கிப் போடுவதால் ஓர் இட்லிகூட மிகாது. சாம்பல் சத்தோ துத்தநாகமோ குறைந்த நிலத்தில் யூரியாவை மேலும் மேலும் கொட்டுகிறவர் செய்வது அந்த இரண்டாவது மூட்டையை வாங்கும் காரியமே.

பெங்களூரில் இந்த விசாரணை பழமையானது. 1899-ஆம் ஆண்டில் மைசூர் ராஜ்யத்தின் ரீஜண்டாக இருந்த மகாராணி கெம்ப நஞ்சம்மணி ஹெப்பாலில் 30 ஏக்கர் நிலத்தைப் பரிசோதனைப் பண்ணைக்காக அளித்தார். லேமன் என்ற ஜெர்மானிய ரஸாயன நிபுணர் அதன் தலைவராக இருந்து, மண்ணுக்கும் பயிருக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராய்ந்தார். அந்தப் பண்ணையின் வழியிலேயே 1964-ல் வேளாண்மைப் பல்கலைக்கழகம் தோன்றியது. தமிழ்நாட்டிலும் கோயம்புத்தூரில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனைப் பாத்திகள் நூறாண்டைக் கடந்து நிற்கின்றன. இவ்வாறு பல்லாண்டுக் காலம் விடாது நடத்தப்பெற்ற இந்தியப் பரிசோதனைகள் ஒரே பாடத்தைத்தான் திரும்பத் திரும்பக் கூறியிருக்கின்றன: செம்மண்ணில் தழைச்சத்தை மட்டும் ஆண்டுதோறும் இட்டு வந்தால் மண் புளித்து விளைச்சல் சரிகிறது; ரஸாயன உரத்தோடு தொழுவுரமும் சேர்த்து இட்ட நிலம் தளராமல் கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

பரிசோதனைச் சாலைகள் தோன்றுவதற்கு முன்பே இச்சீமையின் உழவர்கள் அனுபவத்தால் சிலவற்றை அறிந்திருந்தார்கள். கேழ்வரகு வரிசைகளுக்கு நடுவே சில வரிசைகளை ஒதுக்கி, அவரை, துவரை, ஆமணக்கு, கடுகு முதலியவற்றைக் கலந்து விதைப்பது இங்கே நெடுங்கால வழக்கம். அக்கடி சாலு என்று கன்னடத்தில் இதற்குப் பெயர். அவரைச் செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தால் கடுகளவும் மிளகளவுமான முடிச்சுகள் தெரியும். காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜனாக இருந்தும், அதன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்திருப்பதால் எந்தச் செடியும் அதை நேரே உண்ண முடியாது. வேர்முடிச்சுக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அந்தப் பிணைப்பைப் பிரித்துச் செடிக்கு ஏற்ற ஆகாரமாக்கிக் கொடுக்க, செடி அதற்குப் பதிலாகத் தான் வெயிலில் சமைத்த சர்க்கரையைக் கொடுக்கிறது. ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இரு ஜெர்மானியர் 1880-களில்தான் இந்த ரகசியத்தை நிரூபித்தார்கள். அதே பிணைப்பைப் பிரிக்க மனிதன் கண்ட வழியோ, ஹேபர், பாஷ் என்பவர்களின் முறைப்படி 1913-ல் ஜெர்மனியின் ஓப்பாவில் எழுந்த தொழிற்சாலை. பல நூறு டிகிரி உஷ்ணமும், காற்றமுக்கத்தைப் போல் ஏறக்குறைய இருநூறு மடங்கு அழுத்தமும் அதற்கு வேண்டியிருக்கின்றன. அவரை வேர் அதை ஓசையின்றி, மண்ணின் சாதாரண உஷ்ணத்திலேயே செய்து முடிக்கிறது.

மணிச்சத்தின் கதை வேறு. அது காற்றில் இல்லை, பாறையிலிருந்துதான் வரவேண்டும். செம்மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் அதைக் கண்டவுடன் கெட்டியாகப் பற்றிக்கொள்ளும் சுபாவமுடையவை. உழவன் இட்ட மணிச்சத்தில் அந்தப் பருவத்துப் பயிருக்குக் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. வேருக்கு மிக அருகிலிருப்பதை உறிஞ்சித் தீர்த்தபின், ஓர் அங்குலத்துக்கு அப்பால் இருப்பதுகூட வேருக்கு எட்டாப் பொருளாகிவிடும். இங்கே செடிக்குத் துணை வருவது ஒருவகைப் பூஞ்சை. ரோமத்தைவிட மெல்லிய இழைகளை வேரிலிருந்து வெகுதூரம் மண்ணுக்குள் செலுத்தி, தேடிய மணிச்சத்தைக் கொண்டுவந்து சேர்த்து, கூலியாகச் சர்க்கரையைப் பெற்றுக்கொள்ளும் இந்த வேர்ப்பூஞ்சையின் துணையை, நிலத்துத் தாவர ஜாதிகளில் பெரும்பாலானவை நாடியிருக்கின்றன. இத்துறையில் பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் டி. ஜே. பாக்யராஜ் பல ஆண்டுகள் செய்த ஆராய்ச்சி உலகம் அறிந்தது. எனவே மண் என்பது செடியைத் தாங்கி நிற்கும் வெறும் ஆதாரமாக இல்லாமல், கொடுக்கல் வாங்கல் இடையறாது நடைபெறும் ஒரு சந்தையாக இருக்கிறது. அந்தச் சந்தை உயிரோடிருக்க மக்குப் பொருளும் ஈரமும் காற்றும் வேண்டும்.

வயலை விட்டுக் காட்டுக்குள் போனால் இந்தக் கணக்கு இன்னும் தெளிவாகும். பலாவின் பூர்விகம் மேற்குத் தொடர்ச்சி மலை என்பார்கள். அங்கே வளரும் பலாமரத்திற்கு யாரும் எருவிட்டதில்லை. இடைவிடாத மழை அடித்துக் கழுவும் அந்த மண்ணும் பல இடங்களில் ஏழை மண்தான். ஆயினும் காடு செழிக்கிறது. காரணம், அங்கே சத்துக்களின் பெரும்பகுதி மண்ணில் கிடக்காமல் மரங்களிலும் உதிர்ந்த சருகிலும் உயிர்களிலும் சுழன்றுகொண்டே இருப்பது. இலை பழுத்து விழுவதற்கு முன்பே அதிலுள்ள தழைச்சத்திலும் மணிச்சத்திலும் ஏறத்தாழப் பாதியை மரம் கிளைக்குள் திரும்ப இழுத்துக்கொள்ளுகிறது. மிச்சத்தோடு விழுந்த சருகைக் கறையானும் மண்புழுவும் காளானும் சிதைக்க, கரைந்து வருவதை மேலாகப் பரவிய வேர்கள் மழைநீர் கொண்டுபோவதற்குள் பற்றிக்கொள்ளுகின்றன. பழத்தைத் தின்ற குரங்கும் யானையும் எச்சத்தை அந்தக் காட்டிலேயே இடுகின்றன. காட்டுக்குள் தோன்றிய சத்து காட்டைவிட்டு வெளியேறுவது மிகச் சொற்பம்.

வயலின் நிலைமை அப்படியன்று. அறுவடை என்பதே சத்தை வயலைவிட்டு வெளியே கொண்டுபோகும் காரியம். மூட்டை ஏறிப் போகும் ஒவ்வொரு தானியத்திலும் மண்ணின் ஒரு பங்கு போகிறது. ஆனால் முற்காலத்தில் அது நெடுந்தூரம் போகவில்லை. தானியம் ஊருக்குள் இருந்தது. வைக்கோலைத் தின்ற மாட்டின் சாணம் குப்பைக்குழி வழியாக வயலுக்குத் திரும்பியது. அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுக்கிடை போட்டார்கள். மழை அடித்துக்கொண்டு போன மேல்மண்ணையும், கோடையில் ஏரி வற்றியதும் வண்டி வண்டியாக வண்டலை வெட்டி வந்து பரப்பி மீட்டுக்கொண்டார்கள். பெங்களூரிலேயே தமிழ் பேசும் தோட்டக்காரர்களான திகளர்கள், இன்று கண்டீரவ விளையாட்டரங்கமாக மாறிவிட்ட சம்பங்கி ஏரியின் அண்டையில் காய்கறிகள் பயிரிட்டு நகரத்துக்கு ஊட்டி வந்தார்கள். தோட்டமும் ஏரியும் சந்தையும் ஒன்றையொன்று கண்ணால் காணும் தூரத்தில் இருந்தவரை, போன சத்து திரும்பி வருவதற்கு வழி இருந்தது.

நகரம் பெருத்ததும் அந்த வழி அறுந்தது. இதை முன்கூட்டியே உணர்ந்தவர் மேலே சொன்ன லீபிக். பழைய ரோமாபுரியின் சாக்கடைகள் அந்நாட்டு உழவர்களின் செல்வத்தையே விழுங்கிவிட்டன என்றும், லண்டன் நகரம் அதே பாதையில் போகிறது என்றும் அவர் எச்சரித்தார். நம் காலத்தில் இப்பயணம் கடல் கடந்ததாகிவிட்டது. உலகத்துப் பாஸ்பேட் பாறை இருப்பில் பெரும்பகுதி மொராக்கோவின் வசத்தில் இருக்கிறது. இந்தியா தனக்கு வேண்டிய மணிச்சத்துக்குப் பெரும்பாலும் பிற நாடுகளையே நம்பி நிற்கிறது. அந்த மணிச்சத்து எங்கோ ஒரு பாலைவனத்தில் வெட்டப்பெற்றுக் கப்பலேறி வந்து, உரமாகி, கோலார் மாவட்டத்துச் செம்மண்ணில் விழுந்து, தக்காளியாகவும் கேழ்வரகாகவும் உருவெடுத்து, அல்சூர் மார்க்கெட்டுக்கு வந்து, ஒரு குடும்பத்தின் உணவாகி, மறுநாள் சாக்கடையில் இறங்கிக் கடைசியில் ஏரியின் அடிச்சேற்றில் படுத்துவிடுகிறது. உழவன் அடுத்த பருவத்திற்கு மறுபடியும் கப்பலை எதிர்பார்க்கிறான்.

ஏரியில் அதனால் என்ன நிகழ்கிறது? கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியும் அவர் கூட்டத்தாரும் 1973-ல் ஓர் ஏரியை நடுவே திரைகட்டி இரண்டாக்கி, ஒரு பாதியில் கரிச்சத்தும் தழைச்சத்தும், மறுபாதியில் அவற்றோடு மணிச்சத்தும் சேர்த்து விட்டார்கள். முதல் பாதி தெளிவாகவே இருந்தது. மணிச்சத்துப் பெற்ற பாதி பாசி பிடித்துப் பச்சையாயிற்று. இட்லிக்கு உளுந்துபோல் ஏரிப் பாசிக்கு மணிச்சத்து. அது வந்துவிட்டால் பாசியும் ஆகாயத் தாமரையும் கட்டுக்கடங்காமல் விருத்தியாகின்றன. பகலில் வெயிலைக் கொண்டு பிராணவாயுவை உண்டாக்கும் பாசி, இரவில் அதையே சுவாசித்துத் தீர்க்கிறது. மடிந்த பாசியும் சாக்கடைக் கழிவும் அழுகும்போது நுண்ணுயிர்கள் மிச்சத்தையும் குடித்துவிடுகின்றன. கோடையில் நீர் சூடேறி, அதில் கரையும் பிராணவாயுவின் அளவும் குறைந்திருக்கும் நாட்களில், விடியற்காலையில் மீன்கள் மூச்சுத் திணறி மேலே வந்து மிதக்கின்றன.

வருந்தத்தக்க விஷயம் என்னவென்றால், இவ்வியாதிக்கு ஒரு மருந்தைப் பெங்களூரே ஒரு காலத்தில் உலகத்துக்குக் கொடுத்திருக்கிறது. மான்செஸ்டரில் 1914-ல் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் புதிய முறை உருவானபோது அதற்குத் தூண்டுகோலாக இருந்த கில்பர்ட் ஃபௌலர், 1916-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குப் பேராசிரியராக வந்து, நகரக் கழிவை எருவாக்கும் சோதனைகளை இங்கே தொடங்கினார். அந்தப் பரம்பரையில் சி. என். ஆசார்யா என்பவர் 1939-ல் வகுத்த முறை இன்றும் உலகத்து வேளாண்மை நூல்களில் "பெங்களூர் முறை" என்ற பெயரோடு விளங்குகிறது. ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழமுள்ள குழிகளில் நகரத்துக் குப்பையையும் மனிதக் கழிவையும் அடுக்கடுக்காகப் பரப்பி, மேலே மண்ணிட்டு மூடி, கிளறாமலும் நீர் தெளிக்காமலும் விட்டுவிடுவார்கள். முதல் சில நாட்கள் காற்றின் துணையோடு உள்ளே உஷ்ணம் ஏறி நோய்க்கிருமிகள் மடியும். பிறகு மெதுவாக மக்கி, ஆறு முதல் எட்டு மாதங்களில் நாற்றமற்ற எருவாக வெளிவரும். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஆல்பர்ட் ஹோவர்டு இந்தூரில் கண்ட முறைக்குக் குவியலை அடிக்கடி கிளறும் ஆட்கள் வேண்டும். பெங்களூர் முறையில் அந்த வேலை மிச்சம்.

ஆயினும் அந்தக் காலத்தை அப்படியே திரும்ப அழைக்க எவரும் ஆசைப்படலாகாது. அன்று அந்தக் கழிவைத் தலையில் சுமந்து குழிவரை கொண்டு சேர்த்தவர்கள், பிறப்பின் பெயரால் அவ்வேலையில் தள்ளப்பட்ட மனிதர்கள். அக்கொடுமையை 1993-லும் மறுபடி 2013-லும் சட்டம் தடை செய்தது நியாயமே. மண்ணுக்குச் சத்தைத் திருப்பும் காரியத்தை இனி யந்திரமும் குழாயும்தான் செய்யவேண்டும்; மனிதன் தலை சுமக்கக்கூடாது. மற்றொரு ஜாக்கிரதையும் உண்டு. தொழிற்சாலைக் கழிவு கலந்த நகரத்து ஏரியின் சேற்றில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் தங்கியிருக்கக்கூடும்; பழைய நாளைப்போல் அந்த வண்டலைப் பரிசோதனையின்றி வயலில் கொட்டுவது அபாயம். சத்தும் நஞ்சும் ஒரே சாக்கடையில் கலக்காமல் இருந்தால்தான் சத்து மண்ணுக்குத் திரும்பமுடியும்.

முயற்சிகள் இல்லாமலும் இல்லை. நகரக் குப்பையை எருவாக்குவதற்கென்றே கர்நாடக அரசு 1975-ல் ஒரு கழகத்தை நிறுவியது. அல்சூர் ஏரியும் சேர்ந்த கோரமங்கல-செல்லகட்டப் பள்ளத்தாக்கின் கழிவுநீரை, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் வரையில் சுத்திகரித்து, வறண்ட கோலார் மாவட்டத்து ஏரிகளை நிரப்பும் திட்டம் 2018-ல் ஓடத் தொடங்கியது. இரண்டாம் கட்டச் சுத்திகரிப்போடு நிறுத்தியது போதாது, மூன்றாம் கட்டமும் வேண்டும் என்ற வழக்கு உயர்நீதிமன்றத்தையும் உச்சநீதிமன்றத்தையும் எட்டியது. தண்ணீர் திரும்பினால் மட்டும் போதாது. அதிலுள்ள சத்து கோலார் ஏரிகளில் பாசியாகாமல் கோலார் வயல்களில் பயிராகவேண்டும். இல்லாவிட்டால் அல்சூரின் வியாதியை 60 கிலோமீட்டருக்கு அப்பால் இறக்குமதி செய்ததாகவே முடியும்.

பெரிய திட்டங்கள் அரசினர் கையில் இருக்கின்றன. சிறிய காரியம் ஒன்று நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. பெங்களூர் மாநகரில் ஈரக் குப்பையையும் உலர்ந்த குப்பையையும் வீட்டிலேயே பிரிக்கவேண்டும் என்பது 2012-லிருந்து உயர்நீதிமன்றத்தின் கட்டளை. ஒரு பலாப்பழத்தை அறுத்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் தோலும் சக்கையுமாகவே வெளியே போகும். இக்கட்டுரையைப் படிக்கும் நேயர்கள், அடுத்த கோடையில் அல்சூர்க் கடைத்தெருவிலோ பண்ருட்டிச் சந்தையிலோ பழம் வாங்கி உண்டபின், அந்தத் தோலைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து கால்வாயில் எறிந்துவிடாமல், தோட்டம் இருந்தால் மரத்தடியில் குழி தோண்டிப் புதைக்கவேண்டும். தோட்டம் இல்லாதவர்கள் ஈரக் குப்பையாகத் தனியே கொடுக்கவேண்டும். அது மண்ணிலிருந்து வந்தது, மண்ணுக்கே போகட்டும்.